நீலகிரியின் பழைய வாசல்கள்

பவானிசாகர் அணையில் தண்ணீர் வெகுவாக வற்றிப்போகும் கோடைகளில், நீர்ப்பரப்பின் நடுவே ஒரு பழைய கற்கோயில் மேலே வரும். டணாய்க்கன்கோட்டை மாதவராயப் பெருமாள் கோயில் அது. சுற்றுவட்டார மக்கள் பார்க்கப் போவார்கள், நாளிதழ்களில் படம் வரும், மழை பிடித்ததும் கோயில் மறுபடி மூழ்கிவிடும். 1955இல் அணை வேலை முடியும்வரை அந்த இடம் மோயாறு பவானியில் கலக்கும் முனையில் இருந்த ஓர் ஊர். இன்று ஊட்டிக்குப் போகிறவர்களில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலைச்சாலை வருவதற்கு முன்பு, கிழக்கிலிருந்து நீலகிரிக்கு ஏறியவர்களின் முதன்மையான வாசல் டணாய்க்கன்கோட்டைதான். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, மலைமேல் இருந்த நிலங்களின் வரிக்கணக்குகூட டணாய்க்கன்கோட்டைத் தாலுகாவில்தான் எழுதப்பட்டது.

அந்த வாசலுக்கு நேர் மேலே நிற்கிற வடகிழக்குச் சரிவு இப்போது ஆளரவமில்லாமல் கிடக்கிறது. கோடநாடு காட்சிமுனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் முழுச் சரிவும் கண்ணில் விழும். கீழே மோயாற்றின் வளைவுகள், அப்பால் அணையின் நீர், இடதும் வலதும் செங்குத்தாக இறங்கும் காடு. பேருந்துச் சாலை எதுவும் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. கூட்டத்தை விட்டு விலகி, பாதையே இல்லாத மலையில் நடக்க வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் இன்று கண் வைப்பது இப்படிப்பட்ட சரிவுகள் மேல்தான். அவர்களில் பலர் அதை மனிதக் காலடி படாத காடு என்று நம்புகிறார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. இந்த அமைதி ஆதியிலிருந்து இருந்துவந்ததல்ல. சாலையை வேறு பக்கம் போட்டதால் வந்தது.

நீலகிரி பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் ஒன்று சாமராஜநகரில் கிடைத்தது. ஆண்டு 1117. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன், மலைப் பழங்குடிகளான தோடர்களை அச்சுறுத்தி நீல மலையைக் கைப்பற்றினான் என்று அது சொல்கிறது. வடக்கிலிருந்து ஒரு படை அந்தக் காலத்திலேயே மலைக்கு வழி கண்டிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சளரின் தண்டநாயகன் மாதவன் இந்தப் பகுதியை ஆண்டான். நீலகிரியை வென்றவன் என்று பொருள்படும் பட்டமும் அவனுக்கு இருந்தது. டணாய்க்கன்கோட்டைக்குப் பெயர் வந்தது இந்தத் தண்டநாயகர்களால்தான். கோட்டை அங்கே எழுந்ததற்குக் காரணம் தெளிவானது. மைசூர்ச் சமவெளியிலிருந்து கொங்குநாட்டுக்கு இறங்கும் கஜலஹட்டிக் கணவாய் அருகில் இருந்தது. வணிகப் பொதிகளும் படைகளும் அந்த வழியாகவே வந்தன. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் தன் சேனையோடு இறங்கிவந்து சத்தியமங்கலத்தில் ஆங்கிலப் படையைத் தாக்கியது கஜலஹட்டி வழியாகத்தான். பிற்காலத்தில் ஆசனூர், திம்பம் வழியாகச் சாலை போட்டார்கள். கஜலஹட்டி காட்டுக்குள் போய்விட்டது. இன்று அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் யானைத் தடங்களில் ஒன்று.

மலைமேல் இருந்தவர்களுக்குக் கீழ்நாட்டோடு கொடுக்கல் வாங்கல் எப்போதும் உண்டு. படகர்கள் வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து ஏறி வந்து குடியமர்ந்தவர்கள். உப்பு, துணி, கோத்தர்களின் உலைக்கு வேண்டிய இரும்பு எல்லாம் கீழேயிருந்து தலைச்சுமையாக ஏறின, தானியம் இறங்கியது. சரிவின் நடுப்பகுதியில் இருளரும் குறும்பரும் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அந்தக் காடு வீட்டு முற்றம். எந்தப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டும், எந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், யானை எந்த மாதம் எந்த மேட்டைக் கடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே பாதை இல்லை என்று எழுதிவைத்த அயலார் ஒவ்வொருவரும், உண்மையில் ஒரு மலைவாசியின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவர்கள்தான். அந்த முன்னே நடந்தவரின் பெயரை எந்த ஆவணமும் குறித்துவைக்கவில்லை என்பது வருத்தமான செய்தி.

முதலில் எழுதிவைத்தவர் தென்மேற்கிலிருந்து ஏறினார். 1603இல் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்ட ஜகோமோ ஃபெனிசியோ என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி அவர். மலைமேல் கைவிடப்பட்ட பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று மலபாரில் ஒரு பேச்சு உலவியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆயர் ஒரு குருவையும் ஒரு திருத்தொண்டரையும் அனுப்பிப் பார்த்தார். அவர்கள் கொண்டுவந்த செய்தி போதவில்லை. ஃபெனிசியோ மன்னார்க்காடு வழியாக, மழைக்காடு அடர்ந்த செங்குத்துச் சரிவில் ஏறினார். நீலகிரியில் ஏறுவதற்கு மிகக் கடினமான பக்கங்களில் ஒன்று அது. மேலே ஒரு படகர் ஊரில் தங்கி, தோடர்களை வரவழைத்துப் பேசினார். எருமைகளைப் பார்த்தார். கன்னி மரியாளின் படத்தைக் காட்டினார். தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டுகளும் கொடுத்தபோது அவர்கள் மிகவும் மகிழ்ந்ததாக எழுதினார். கிறிஸ்தவர்கள் யாரும் அங்கே இல்லை என்று முடிவுசெய்து திரும்பினார். 1603 ஏப்ரல் 1 தேதியிட்ட அவருடைய கடிதம்தான் நீலகிரி மக்களைப் பற்றி நேரில் பார்த்து எழுதிய முதல் விவரம். தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட பெரிய நூலின் பின்னிணைப்பில் அதன் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு ஐரோப்பியர் எவரும் ஏறியதாக எழுத்துச் சான்று இல்லை. கீழ்நாட்டுக்காரர்களும் காரியம் இல்லாமல் ஏறவில்லை. அடிவாரக் காட்டில் ஓரிரவு தங்கினால் குளிர்க்காய்ச்சல் வந்து உயிரை எடுத்துவிடும் என்ற பயம் பரவியிருந்தது. அது மூடநம்பிக்கை அல்ல. மோயாற்றுப் பள்ளத்தாக்கும் பவானிக் கரைக் காடுகளும் மலேரியாவின் உறைவிடங்கள். பிற்காலத்தில் சாலை வந்த பிறகும் ஆங்கிலேயப் பயணிகள் அடிவாரத்தில் படுக்காமல் ஒரே மூச்சில் கடந்துவிடப் பார்த்தார்கள்.

1800 அக்டோபரில் டணாய்க்கன்கோட்டைக்கு வந்தார் ஃபிரான்சிஸ் புக்கானன். மைசூர், கனரா, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர் அவர். வயல், விதை, வரி, சாதி, கைத்தொழில் என்று எதையும் விடாமல் குறித்துக்கொண்டே வந்தவர், கோட்டைக்கு மேற்கே எழுந்த மலையிலும் ஏறினார். போய்ச் சேர்ந்த இடம் அரக்கோடு. ரங்கசாமி மலைக்குக் கீழே இருக்கும் ஊர். மிகவும் களைப்பூட்டிய நடை என்று எழுதினார். மேலிருந்து பவானி ஓடும் சமவெளி முழுவதும் தெரிந்ததை ரசித்தார். பீடபூமிக்குள் அவர் போகவில்லை. இன்னும் ஒரு நாள் நடந்திருந்தால் கோத்தகிரியைப் பார்த்திருப்பார். நீலகிரியின் ஆங்கிலேய வரலாறு 12 ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருக்கும்.

புக்கானன் திரும்பிய மலைக்கு உள்ளே போனவர் வில்லியம் கீஸ். வருவாய்த் துறையின் உதவி நிலஅளவையாளர். 1812இல் கோயமுத்தூர் கலெக்டர் காரோ அவரையும் மக்மஹோன் என்ற பயிற்சியாளரையும் அனுப்பினார். அவர்களும் டணாய்க்கன்கோட்டையில் தொடங்கி, தேனாடு வழியாகக் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஏறினார்கள். ஊர்கள், மக்கள், பயிர்கள் பற்றிக் கீஸ் எழுதிய அறிக்கை அரசுக் கோப்பில் தூங்கிவிட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1880இல் கிரிக் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேட்டின் பின்னிணைப்பில் அச்சேறியபோதுதான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது.

1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் உதவி கலெக்டர்கள் அதே வாசலில் ஏறி, பீடபூமியைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் சுண்டப்பட்டி வழியாக இறங்கினார்கள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திக்கொண்டு போனபோது மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. வேட்டைக்குப் போனார்கள் என்றும் சொல்வதுண்டு. எது சரியோ, புகையிலைக் கதை நம்பத்தகாதது அல்ல. அன்று கோயமுத்தூரிலும் மலபாரிலும் புகையிலை வியாபாரம் கம்பெனியின் ஏகபோகம். விலை உயர்ந்தது, கடத்தலும் வளர்ந்தது. சுங்கக்காரன் கண்ணில் படாமல் கிழக்கிலிருந்து மேற்குக்குப் பொதி கடத்த மலைமேல் வழி இருந்தது என்றால், அந்த மலை வெளியாருக்கு மட்டும்தான் புதிராக இருந்தது என்று தெரிகிறது.

அவர்கள் சொன்ன குளிரும் புல்வெளியும் கலெக்டர் ஜான் சல்லிவனை இழுத்தன. 1819 ஜனவரியில் அவரே ஏறினார். பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோவும் அதே ஆண்டு மேலே வந்து செடிகொடிகளைத் திரட்டினார். நோயோடு வந்தவர் மலைக்காற்றில் தேறிப்போனார் என்ற செய்தி, நீலகிரியை ஐரோப்பியரின் ஆரோக்கிய வாசத்தலமாக மாற்றியதில் பெரும் பங்கு வகித்தது. சல்லிவன் முதலில் வீடு கட்டியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில். வடகிழக்கு வாசலில் ஏறி வந்தவர்களுக்கு அதுதான் முதலில் எதிர்ப்படும் நல்ல இடம். பெத்தக்கல் பங்களா என்று அழைக்கப்படும் அந்த வீடு பழுதுபார்க்கப்பட்டு இன்று நினைவகமாக நிற்கிறது. ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா 1822இல் தொடங்கி மறு ஆண்டு முடிந்தது. இன்றைய அரசு கலைக் கல்லூரி இருக்கும் இடம்.

வடகிழக்கு வாசல் மங்கத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான்.

1821இல் லெப்டினன்ட் எவன்ஸ் மக்பெர்சன் என்பவரிடம் குதிரைப் பாதை ஒன்று போடும் வேலை ஒப்படைக்கப்பட்டது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி அருகே உள்ள டிம்ஹட்டிக்கு. 1823இல் முடிந்தது. நீலகிரியில் திட்டமிட்டுச் சரிவு பார்த்து வெட்டிய முதல் பாதை அது. டணாய்க்கன்கோட்டைக்குச் சுற்றிப் போகாமல் கோயமுத்தூரிலிருந்து நேரே ஏற முடிந்தது. ஆனால் அந்தப் பாதையின் காலமும் நீளவில்லை. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830களின் தொடக்கத்தில், மதராஸ் பயனியர் படையைக் கொண்டு குன்னூர் மலைப்பாதை போடப்பட்டது. ஊட்டிக்குப் போகிறவர்கள் கோத்தகிரியைத் தொடவே தேவையில்லாமல் போயிற்று. அதே பத்தாண்டில் வடக்கே சீகூர் வழி திறந்தது, மைசூரிலிருந்து வருபவர்கள் அதில் ஏறினார்கள். பிறகு 1871இல் வண்டிகள் ஏறத்தக்க புதிய குன்னூர்ச் சாலை, 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில், 1908இல் அது ஊட்டிவரை. ஒவ்வொரு முறையும் மலையின் ஒரு கோடு மட்டும் இரைச்சலாகி, மற்ற சரிவுகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதே, அந்தக் கோடு எவ்வளவு நெரிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. ஊட்டிச் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் அதே மணி நேரத்தில், வானவழியில் சில பத்துக் கிலோமீட்டர் தள்ளி, புக்கானன் ஏறிய சரிவில் ஒருவரும் இருப்பதில்லை.

அந்தச் சரிவில் எஞ்சியிருக்கும் மனித வாழ்வைப் பார்க்க வேண்டுமானால் தெங்குமரஹாடாவுக்குப் போக வேண்டும். பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் போகும் பேருந்து மோயாற்றங்கரையோடு நின்றுவிடும். அங்கிருந்து பரிசல். நெல்மூட்டை, அரிசிப் பை, பள்ளிப் பிள்ளைகள், சில நேரம் ஒரு மோட்டார் சைக்கிளும்கூடப் பரிசலில் ஏறும். ஆற்றில் வெள்ளம் வந்தால் போக்குவரத்து அறுந்துவிடும். சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டுறவு விவசாயத்துக்காக நிலம் கொடுத்து உருவான ஊர் இது. நிர்வாகத்தில் நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. தலையை உயர்த்தினால் கோத்தகிரி மலை எதிரே நிற்கிறது. ஆனால் வாகனத்தில் அங்கே போக ஆற்றைக் கடந்து, பவானிசாகர், மேட்டுப்பாளையம் என்று ஈரோடு, கோவை மாவட்டங்களைச் சுற்றித்தான் ஏற வேண்டும். பழைய காலத்தில் நேரே ஏறியவர்களுக்கு அது ஒரு நாள் நடை.

இந்தப் பக்கத்தின் நடுநாயகம் ரங்கசாமி மலை. உயரம் 1,785 மீட்டர். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் பீடபூமி மக்களுக்கு அதைவிடப் புனிதமான மலை குறைவு. அருகில் தனியே எழுந்து நிற்கும் ரங்கசாமித் தூண் சுமார் 400 அடி உயரப் பாறை. நான்கு பக்கமும் செங்குத்து. காரமடையில் மனைவியோடு குடியிருந்த ரங்கநாதர் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே தனியே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பது மலைக் கதை. அவர் வந்ததற்கு அடையாளமாக அரக்கோட்டருகே ஒரு பாறையில் இரண்டு பாதச் சுவடுகளைக் காட்டுவார்கள். உச்சியில் கோபுரமோ மண்டபமோ இல்லை. கல்லடுக்கிய இரண்டு சுற்றுக்கட்டு, ஒன்று சாமிக்கு, இன்னொன்று அம்மனுக்கு. உள்ளே நேர்ந்துகொண்டவர்கள் வைத்துவிட்டுப் போன இரும்பு விளக்குகள். பூசாரி இருளர். காரமடைவரை இறங்கிப்போய் நேர்த்திக்கடன் செலுத்துவது கடினம் என்பதால்தான் மலைமக்கள் சாமியை மேலே வரவழைத்துக்கொண்டார்கள் என்று பழைய கெசட்டியர் எழுதியவர் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் காரமடைச் சாமி மலையேறி வந்த கதையைச் சொல்பவர்களுக்கு, காரமடைக்குப் போகும் வழி நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கீழே கரிக்கையூர் அருகே பொறிவரை என்ற பாறைக்குடைவு இருக்கிறது. நீளமான பாறைச் சுவர் முழுக்கத் தொல்பழங்கால ஓவியங்கள். மனிதர்கள், விலங்குகள், வேட்டை, கூட்டம். நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் கணிசமான பகுதி, பார்க்கப் போனவர்கள் கிறுக்கியும் சுரண்டியும் சிதைந்துவிட்டது. புணிசனின் படை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்தச் சரிவு மனித வாசஸ்தலம். ஆளில்லாத காடு என்று இதைச் சொல்ல நியாயமே இல்லை.

மலையின் மறு விளிம்பில், மேற்கே குந்தா மலைகளில், கைவிடப்பட்ட இன்னொரு வாசல் இருக்கிறது. பெயர் சிஸ்பாரா. பம்பாயிலிருந்து கடல்வழியாகக் கோழிக்கோட்டில் இறங்கும் வெள்ளைக்காரர்கள் நேரே ஊட்டிக்கு ஏற வேண்டும் என்று லஷிங்டன் விரும்பினார். 1831இல் கேப்டன் மர்ரேயின் கீழ் பயனியர் படை வேலையைத் தொடங்கியது. அவலாஞ்சி, சிஸ்பாரா ஆகிய இடங்களில் தங்கும் பங்களாக்கள் எழுந்தன. பல்லக்குத் தூக்கிகளும் தபால்காரர்களும் அந்த வழியில் நடந்தார்கள். ஆனால் அங்கே இயற்கை ஒத்துழைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து முதலில் மோதுவது அந்த விளிம்பில்தான். அங்கே பெய்யும் மழை எப்படிப்பட்டது என்பதற்கு அண்மைக்காலச் சான்றே போதும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேல் அது. சரிவு இடிந்துவிழும், அட்டைகள் மொய்க்கும், குளிர் எலும்பைத் துளைக்கும். பராமரிக்க முடியாமல் சிஸ்பாரா வழி கைவிடப்பட்டது. பங்களாக்கள் இடிந்தன. படகர் தலையில் சுமை இருந்தபோதும் ஃபெனிசியோ ஏறியபோதும் தேவைப்படாத பராமரிப்பு, குதிரையும் பல்லக்கும் வந்ததும் தேவைப்பட்டது. ஒற்றையடிப் பாதை காலடியால் வாழும். வெட்டிய பாதைக்கு ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும்.

அதே மேற்கு விளிம்பில் வேறொரு வழி உண்டு. அதைப் பயனியர்கள் போடவில்லை. தோடர்களின் நம்பிக்கைப்படி இறந்தவர்கள் மேற்கே இருக்கும் மறுவுலகத்துக்கு நடந்து போகிறார்கள். ரிவர்ஸ் 1901-02இல் தங்கி விசாரித்தபோது, தோடர்கள் இந்த வழியை ஊர்வழி சொல்வதைப் போலவே இடம் இடமாகச் சொன்னார்கள். தோடர்களின் இரண்டு பெரும் பிரிவினருக்கும் வழி வெவ்வேறு. இன்ன ஓடை, இன்ன மேடு. வழியில் ஒரு கல்லில் முழங்காலை இடித்ததும் இவ்வுலகப் பற்று அற்றுவிடும். ஓர் ஆற்றின் மேல் நூல்பாலம். தீமை செய்தவர்கள் அதிலிருந்து தவறி அட்டைகள் நிறைந்த தண்ணீரில் விழுவார்கள். கேட்பதற்குப் புராணம் போலத் தோன்றினாலும், அந்த ஓடைகளும் பாறைகளும் மேடுகளும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. பின்னாளில் தோடர்களோடு நடந்த ஆய்வாளர்கள் அவற்றில் பலவற்றை நிலத்தில் அடையாளம் கண்டார்கள். வரைபடத்தில் வெறும் பச்சையாகத் தெரியும் நிலம் ஒரு சமூகத்தின் வாய்மொழியில் அங்குலம் அங்குலமாகப் பெயரிடப்பட்டிருந்தது. நீலகிரி வரலாற்றில் நெஞ்சை உலுக்கும் செய்தி இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1950களில் கனடா நாட்டு உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தபோது அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி அணைகள் எழுந்து அந்த நிலத்தின் ஒரு பகுதி நீருக்குள் போனது. எஞ்சிய மேற்குப் புல்வெளிகளில் 78 சதுர கிலோமீட்டர் இப்போது முக்கூர்த்தி தேசியப் பூங்கா.

கைவிட்ட பாதை என்ன ஆகும் என்பதை வடகிழக்குச் சரிவிலேயே பார்க்கலாம். முதலில் ஆள் நடப்பது நிற்கும். மாடு மேய்ப்பது குறையும். பழங்குடிகள் பருவம் பார்த்துச் சின்னச் சின்னதாகத் தீ வைத்துப் புல்லை ஒழுங்குபடுத்துவதை வனச் சட்டம் தடுக்கும். அந்த இடைவெளியில் உண்ணிச்செடி நுழையும். தோட்ட அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, முள்ளும் கொப்புமாகப் பின்னிக்கொண்டு, பழைய தடத்தை இரண்டு மூன்று மழைக்காலத்தில் மூடிவிடும். எதிரே பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. இதில் ஒற்றை ஆளாக நுழைவது வீரம் அல்ல. பாதையில்லாத மலை என்று இன்று சொல்லப்படுவதில் பாதி, உண்மையில் உண்ணிச்செடி மூடிய பாதை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் புல்வெளித் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்களும் ஆண்களும். வார இறுதியில் மலை பார்க்கப் போனவர்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை இணையத்தில் பதிவு செய்து நடக்கும் ஏற்பாடு தொடங்கியது. காட்டுத்தீ மூளும் கோடை மாதங்களில் அவை மூடப்படுகின்றன. அந்த 40இல் கரிக்கையூர் - பொறிவரை, கரிக்கையூர் - ரங்கசாமி மலை ஆகிய இரண்டும் இருக்கின்றன. 1800இல் புக்கானன் களைத்துப்போய் ஏறிய அதே மலைப்பக்கம். கூட நடப்பவர்கள் அந்தந்தப் பகுதியின் பழங்குடி இளைஞர்கள். வேறு வகையில் சொன்னால், முன்னே நடப்பவருக்கு இப்போது சீருடையும் சம்பளமும் கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் கல் அடுக்கிய சுற்றுக்கட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது என்றால், அதைக் கேட்டு நடப்பது மலையேறுபவரின் கடமை. அது அவர்களுடைய கோயில்.

சிஸ்பாராவுக்கு அப்படி அனுமதி கிடையாது. அது முக்கூர்த்தி பூங்காவின் உட்பகுதி, அதற்கு அப்பால் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் வரையாடுகளின் இடம். தமிழ்நாட்டின் மாநில விலங்கைக் காக்க 2023இல் தனித் திட்டம் தொடங்கியபோது, முதல் வேலையாக மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் அவற்றை எண்ணிப் பார்த்தார்கள். 2024 ஏப்ரல் 29 முதல் மூன்று நாள் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் தென்பட்டன. மறு ஆண்டு 1,303. எண்ணும் குழுக்கள் மேற்கு விளிம்பின் புல்வெளிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக்கொண்டு, அரிசியும் கூடாரமும் சுமந்து, பாறை விளிம்புகளில் காலை முதல் மாலை வரை நடந்து எண்ணின. வழி தெரிந்து முன்னே போனவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். நீலகிரியில் அவர்களில் பலர் மலையின் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.